அறை குளிர்கிறது, பிசுபிசுப்பு போகவில்லை: தேவைக்கு மேல் பெரிய ஏசியை என்ன செய்வது?

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஏசி பற்றி அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. "போட்ட அஞ்சு நிமிஷத்துல ஜில்லுனு ஆயிடுது. ஆனா ராத்திரி பெட்ஷீட்டைத் தொட்டா ஈரமா இருக்கு, பீரோவுக்குப் பின்னாடி பூசணம் பிடிக்குது." கேஸ் குறைந்திருக்கும் என்று மெக்கானிக்கை வரவழைப்பார்கள். அவர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். அவர் சொல்வது உண்மைதான். இயந்திரத்தில் பழுது இல்லை. அந்த அறைக்கு அது பெரிது.

சின்ன ஏசி வாங்கினால் போதாமல் போகும், பெரிதாக வாங்கினால் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். வறண்ட ஊரில் அந்த நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை மின்கட்டணம் மட்டும்தான். ஈரக்காற்று வீசும் ஊரில் உடம்புக்கும் சுவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

டன் என்றால் என்ன

டன் என்பது ஏசியின் எடை அல்ல. சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எந்த வேகத்தில் வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகமே ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட். 1.5 டன் ஏசி முழு வீச்சில் ஓடும்போது அறையிலிருந்து 5.2 கிலோவாட் அளவு வெப்பத்தை வெளியே தள்ளும். இது அது இழுக்கும் மின்சாரத்தின் அளவு அல்ல. மின்சாரம் சுமார் 1.5 கிலோவாட்தான் செலவாகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் மீதிக் கணக்கு எளிது.

ஏசிக்கு இரண்டு வேலை

ஒன்று, காற்றின் சூட்டைக் குறைப்பது. இரண்டாவது, காற்றில் கலந்திருக்கும் நீராவியைப் பிரித்துத் தண்ணீராக வெளியேற்றுவது. டிரெயின் குழாயில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். ஒழுங்காக ஓடும் ஸ்பிளிட் ஏசியின் திறனில் நான்கில் மூன்று பங்கு முதல் வேலைக்கும் ஒரு பங்கு இரண்டாவது வேலைக்கும் போகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரிக்க 0.68 கிலோவாட்-மணி அளவு வெப்பத்தை எடுக்க வேண்டும். ஆக, 1.5 டன் ஏசி நிற்காமல் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் வர வேண்டும்.

நிற்காமல் ஓடினால் என்பதுதான் இங்கே நிபந்தனை. கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் முதலில் 'காயில்', அதாவது இன்டோர் யூனிட்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள், குளிர வேண்டும். பிறகுதான் அதன் அலுமினியத் தகடுகளில் நீர்த்துளிகள் படியும். தகடுகள் முழுக்க நனைந்து, துளிகள் கனத்து, கீழே தட்டில் சொட்டத் தொடங்கப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை எடுத்த நீர் முழுவதும் காயிலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய ஏசி நான்கே நிமிடத்தில் அறையைக் குளிர்வித்துவிட்டு கட்-ஆஃப் ஆகிவிடுகிறது. தெர்மோஸ்டாட் வெப்பநிலையை மட்டுமே பார்க்கிறது. ஈரப்பதம் அதன் கணக்கில் கிடையாது. கம்ப்ரசர் நின்ற பிறகும் இன்டோர் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தால், காயிலில் ஒட்டியிருந்த நீரை அதே ஃபேன் உலர்த்தி மறுபடி அறைக்குள் அனுப்பிவிடும். எடுத்த ஈரம் எடுத்த இடத்துக்கே திரும்புகிறது.

ஒரு படுக்கையறையின் கணக்கு

சென்னையில் அடுக்குமாடி ஒன்றின் நடுத்தளத்தில் 10 அடிக்கு 12 அடி அறை. மேற்கே ஒரு வெளிச்சுவர், அதில் திரை போட்ட ஒரு ஜன்னல், இருவர் படுக்கிறார்கள். வெளியே 37 டிகிரி, உள்ளே 24 வேண்டும். மே மாத மாலை நான்கு மணிக்கு உள்ளே வரும் வெப்பத்தைத் தோராயமாகக் கூட்டுவோம்: வெளிச்சுவர் வழியே 320 வாட், ஜன்னல் 410, ஏசி இல்லாத பக்கத்து அறைகளின் சுவர்கள் 250, தரையும் கூரையும் சேர்ந்து 400, இரண்டு பேர் 240, விளக்கு, டிவி, மின்விசிறிக்கு 125, இடுக்குகள் வழியே நுழையும் காற்று 430. மொத்தம் 2.2 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. டன்னில் சொன்னால் 0.6.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையென்றால் வெயிலில் காயும் கான்கிரீட் கூரை மட்டும் இன்னும் 500, 600 வாட் கூட்டும். அப்போதும் 0.8 டன்னைத் தாண்டாது. 1 டன் ஏசி தாராளம். ஆனால் "நூறு சதுர அடிக்கு ஒரு டன்" என்ற வாய்க்கணக்கில் இந்த அறைக்கு 1.2 டன் வரும்; 1.2 இல்லையே என்று 1.5 டன்னை மாட்டிவிடுவார்கள்.

பகலில் இது பெரிய தொல்லையாகத் தெரியாது. சிக்கல் இரவில்தான். வெயில் போய்விட்டது, ஜன்னல் சூடு இல்லை, வெளியே 29 டிகிரி. அறைக்குள் வரும் சூடு 800 வாட் அளவுக்கு இறங்கிவிடும். ஈரம் மட்டும் இறங்காது. சென்னையின் கோடை இரவில் வெளிக்காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். 24 டிகிரியில் 55% ஈரப்பதம் உள்ள அறையில் இருப்பதோ 10 கிராம்தான். அறையின் காற்று மணிக்கு ஒரு முறை இடுக்குகள் வழியே மாறினால்கூட 400 கிராம் நீர் உள்ளே வந்துவிடும். தூங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் ஏறக்குறைய 90 கிராம். ஆக, மணிக்கு அரை லிட்டர்.

பழைய வகை, ஒரே வேகத்தில் ஓடும் 1.5 டன் ஏசி அந்த 800 வாட் சூட்டை எடுக்க மணிக்கு 12 நிமிடம் ஓடினால் போதும். நான்கு நான்கு நிமிடமாக மூன்று தடவை. அந்த 12 நிமிடமும் முழுத் திறனில் நீரைப் பிரித்தது என்று வைத்துக்கொண்டாலும் 0.4 லிட்டரைத் தாண்டாது. நிஜத்தில் காயில் குளிரும் நேரமும் மறுபடி ஆவியாவதும் போக, அதில் சிறு பங்குதான் குழாயில் வரும். மீதி அறையிலேயே தங்கி, ஈரப்பதம் 75, 80% என்று ஏறிப்போய் நிற்கும்.

பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று இந்த நேரத்தில்தான் பலரும் ரிமோட்டில் 24-ஐ 20 ஆக்குவார்கள். அது நிலைமையை மோசமாக்கும். 24 டிகிரியில் 80% ஈரப்பதம் உள்ள காற்று ஏறத்தாழ 20 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே நீராகப் படிந்துவிடும். சுவரையும் பீரோவின் பின்பக்கத்தையும் மெத்தையையும் அந்த அளவுக்குக் குளிர்வித்தால் பூசணத்துக்கு வேண்டிய தண்ணீர் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அடிக்கடி நின்று ஓடுவதால் வேறு இழப்புகளும் உண்டு. ஒரே வேகக் கம்ப்ரசர் கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். கேஸோடு சேர்ந்து குழாய்க்குள் போன எண்ணெய் திரும்பி வருவதற்குள் கம்ப்ரசர் நின்றால், அடுத்த முறை அது எண்ணெய்ப் பற்றாக்குறையோடு கிளம்பும். மணிக்கு ஆறு முறைக்கு மேல் கிளம்பினால் அதன் ஆயுள் குறையும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெரிதுதானா என்று உறுதிசெய்ய

ஏசியை மாற்றும் முன், நோய் இதுதானா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு கடிகாரம், ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர், ஒரு வாளி போதும்.

வருடத்தின் கொடிய வெயில் நாளில், மாலை 3 முதல் 5 மணிக்குள், அறை குளிர்ந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு, கம்ப்ரசர் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று குறியுங்கள். சரியான அளவு ஏசி அந்த நேரத்தில் மணிக்கு 45 நிமிடமாவது ஓடும். 30 நிமிடத்துக்கும் குறைவு என்றால் தேவையைப் போல் இரண்டு மடங்கு இருக்கிறது. ஈரப்பத மீட்டரை இன்டோர் யூனிட்டின் காற்று நேரே படாத இடத்தில், கட்டில் உயரத்தில் வையுங்கள். இரவில் 60%-க்குள் இருந்தால் நல்லது. 70%-ஐத் தாண்டி நின்றால் பூசணம் வரும். டிரெயின் குழாயை ஓர் இரவு முழுக்க வாளியில் விடுங்கள். நம் கணக்குப்படி எட்டு மணி நேரத்தில் 4 லிட்டர் வர வேண்டும். ஒரு லிட்டர்கூட வரவில்லை, மீட்டரோ 75 காட்டுகிறது என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சீக்கிரம் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. கட்-ஆஃப் ஆகும்போது அறை நிஜமாகவே நீங்கள் வைத்த வெப்பநிலைக்கு வந்துவிட்டதா என்று தனித் தெர்மாமீட்டரில் பாருங்கள். வரவில்லை என்றால் அளவைக் குறை சொல்ல முடியாது. இன்டோர் யூனிட்டுக்கு முன்னால் பரணோ பீமோ திரையோ இருந்தால், வெளிவரும் குளிர்காற்று அதில் மோதி மேலே திரும்பி யூனிட்டுக்குள்ளேயே போகும்; சென்சார் அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அவுட்டோர் யூனிட்டுக்குக் காற்றோட்டம் இல்லாமல் அது சூடேறி டிரிப் ஆகலாம். காயிலில் பனி படிந்தால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கேஸ் கசிந்திருக்கலாம். இவற்றை முதலில் சரிசெய்துவிட வேண்டும்.

ஏசியை மாற்றாமல் செய்யக்கூடியவை

ஏற்கெனவே மாட்டிய ஏசியைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. குறைந்த செலவில் நிறையச் செய்யலாம், அதற்கு இரண்டே வழி: உள்ளே வரும் ஈரத்தைக் குறைப்பது, ஏசியை மெதுவாக நீண்ட நேரம் ஓட வைப்பது.

முதல் வழியில் பலன் அதிகம், செலவு அநேகமாக இல்லை. ஏசியின் செப்புக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டை பல வீடுகளில் அப்படியே திறந்து கிடக்கும். அதை புட்டியால் அடையுங்கள். ஒட்டிய குளியலறையின் எக்சாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குத் தானே மூடிக்கொள்ளும் பலகை வேண்டும், குளியலறைக் கதவு மூடியிருக்க வேண்டும். வாசல் கதவின் அடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்தில் ஸ்பாஞ்ச் பட்டை. இடுக்கு வழிக் காற்று பாதியானால் மணிக்கு 200 கிராம் நீர் குறைகிறது. ஏசி அறையில் துணி உலர்த்துவதை நிறுத்துங்கள். பிழிந்த துணி ஒரு வாளி என்றால் அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். காற்றே புகாதபடி அடைத்துவிடவும் கூடாது. மூச்சு முட்டுவது போலிருந்தால் அறையைக் காலையில் நன்றாகத் திறந்துவிடுங்கள்.

இரண்டாவது வழிக்கு ரிமோட்டிலேயே பாதி மருந்து இருக்கிறது. இன்டோர் ஃபேனை இரவில் குறைந்த வேகத்தில் வையுங்கள். காற்று மெதுவாகக் கடந்தால் காயில் இன்னும் குளிரும், நீர் அதிகம் பிரியும், அறை குளிரக் கொஞ்சம் கூடுதல் நேரமும் ஆகும். மூன்றும் நமக்குச் சாதகம். சில ஏசிகளில் ஃபேனை ஆட்டோவில் வைத்தால் கம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் நின்றுவிடும் அல்லது மிகவும் தணிந்துவிடும். உங்களுடையது அப்படிப்பட்டதா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அப்படியென்றால் காயில் நீர் மறுபடி ஆவியாவதைத் தடுக்க அதுவே சிறந்தது. டிரை மோடும் இதற்கென்றே வைத்தது: ஃபேன் மெதுவாகச் சுற்ற, கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும். மழைக்கால இரவுகளுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

இன்வெர்ட்டர் ஏசி என்றால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் அளவு முக்கியமில்லை என்பார்கள். இது பாதி உண்மை. பல 1.5 டன் இன்வெர்ட்டர்கள் 1.5 கிலோவாட் அளவுவரைதான் இறங்கும். நம் படுக்கையறைக்கு இரவில் வேண்டியது அதைவிடக் குறைவு. அப்போது அதுவும் நின்று நின்றுதான் ஓடும். இன்னொன்று, கம்ப்ரசர் மெதுவாக ஓடும்போது இன்டோர் ஃபேன் மட்டும் வேகமாகச் சுற்றினால் காயில் 16, 17 டிகிரியில் நின்றுவிடும். காற்று குளிரும், நீர் பிரியாது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஃபேன் வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். 40, 60, 80% என்று திறனைக் கட்டுப்படுத்தும் கன்வெர்டிபிள் வசதி இருந்தால் இரவில் கீழ்ப்படியில் வையுங்கள். அது குறைந்தபட்ச வேகத்தை மாற்றாது. அறையை ஒரே மூச்சில் குளிர்வித்துவிட்டு நிற்பதைத் தடுக்கும்.

வெப்பநிலையை 25, 26-ல் வைத்துச் சீலிங் ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுவது நல்ல பழக்கம். சுவர்கள் அளவுக்கு மேல் குளிராது, பூசணத்துக்கு இடம் குறையும். 2020 ஜனவரி முதல் நட்சத்திர லேபிளோடு விற்கும் அறை ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று எரிசக்தித் திறன் பணியகத்தைக் கலந்து மத்திய அரசு விதித்தது. அதற்குக் கீழே போக வேண்டிய தேவை வந்தால், முதலில் ஈரப்பத மீட்டரைப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் போதவில்லையென்றால், ஏசிக்கு ஏற்ற வேலையைக் கொடுக்கலாம். இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே கதவு இருந்தால் திறந்துவைத்து ஒரே ஏசியை இரண்டுக்கும் ஓட்டுங்கள். அல்லது 1.5 டன்னைக் கழற்றிக் கூடத்தில் மாட்டி, படுக்கையறைக்கு 1 டன்னோ 0.8 டன்னோ வாங்குங்கள். கழற்றி மாட்டுவதில் ஒரு எச்சரிக்கை: ஏசிகளில் நிரப்பும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது. கேஸை அவுட்டோருக்குள் இழுத்துச் சேமிக்கும்போது குழாய் இணைப்பு தளர்ந்து காற்று உள்ளே போனால் கம்ப்ரசர் வெடிக்கும் ஆபத்து உண்டு. மறுபடி மாட்டும்போது கேஸை ஊதிக் காற்றை வெளியேற்றும் பழைய முறையை அனுமதிக்காதீர்கள். வாக்குவம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை 500 மைக்ரான்வரை இறக்கச் சொல்லுங்கள்.

கடைசி வழி, காற்றின் ஈரத்தை மட்டும் எடுக்கும் தனி டீஹியூமிடிஃபையர். அது எடுக்கும் நீரின் வெப்பத்தையும் தன் மின்சாரத்தையும் அறைக்குள்ளேயே விடும். வழக்கமாக இது குறைதான். பெரிய ஏசி உள்ள அறையிலோ, அந்தச் சூடு ஏசியை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவைக்கிறது. மின்கட்டணம் கூடும் என்பதால்தான் கடைசியில் வைத்திருக்கிறோம். புத்தகங்கள், இசைக்கருவிகள், மருந்துகள் வைத்திருக்கும் அறைகளுக்கு மட்டும் தயங்காமல் வாங்கலாம்.

அலுவலகம், கடை, மண்டபம்

பெரிய கட்டடங்களில் மிகைத் திறன் எப்படிச் சேர்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு அலுவலகத் தளத்துக்குக் கணக்கில் 7 டன் வருகிறது. வடிவமைப்பாளர் பாதுகாப்புக்கு 15% கூட்டுகிறார்: 8 டன். ஒப்பந்தக்காரர் மேலும் 20%: 9.7 டன். சந்தையில் கிடைக்கும் டக்டபிள் யூனிட் (காற்றுக் குழாய்கள் வழியே பல இடங்களுக்குக் குளிர்காற்றை அனுப்பும் ஏசி) 8.5 அல்லது 11 என்பதால் 11 வந்து உட்காருகிறது. தேவையைவிட 57% அதிகம். குளிரவில்லை என்றால் உடனே சண்டை வரும், பிசுபிசுப்புக்கு யாரும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவதில்லை. அதனால் இந்தத் தவறு திருத்தப்படாமலே தொடர்கிறது. பின்னாளில் எல்.இ.டி. விளக்கு, கூரைக்கு வெப்பத்தடுப்பு, கண்ணாடிக்கு ஃபிலிம் என்று போட்டதால் தேவை குறைந்து, பொருத்தமாக இருந்த ஏசியே பெரிதாகிவிடுவதும் உண்டு.

இந்த 8.5, 11 டன் யூனிட்களில் பெரும்பாலும் இரண்டு கம்ப்ரசர்கள், இரண்டு தனிச் சுற்றுகள் இருக்கும். இரண்டையும் ஒரே தெர்மோஸ்டாட் ஒரே நேரத்தில் கிளப்பும்படி இணைத்திருந்தால் அதைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று 24-ல், மற்றது 25.5 அல்லது 26-ஐத் தாண்டினால் மட்டும். வாரத்துக்கு ஒருமுறை முறை மாற்றினால் இரண்டும் சமமாகத் தேயும். இந்த ஒரு மாற்றம் பல அலுவலகங்களின் சிக்கலைத் தீர்த்துவிடும். தனித்தனி ஸ்பிளிட்கள், கூரையில் பதிக்கும் கேசட் ஏசிகள் உள்ள இடத்திலும் இதே முறைதான்: எல்லாவற்றையும் அரைகுறையாக ஓட்டாமல், வேண்டியதை மட்டும் முழுதாக ஓட்டுங்கள்.

அடுத்தது ப்ளோயர், அதாவது உள்ளே காற்றைத் தள்ளும் விசிறி, அனுப்பும் காற்று. வழக்கமாக டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி வைப்பார்கள். கடலோரத்தில் 350-க்கு இறக்கலாம். புல்லியை மாற்றியோ, மோட்டாருக்கு வி.எஃப்.டி. (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டோ செய்யலாம். இதற்கு எல்லை உண்டு: ஆர்-410ஏ கேஸ் நிரப்பிய யூனிட்டில் சக்ஷன் அழுத்தம் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) 100 பி.எஸ்.ஐ. பக்கம் இறங்கினால் காயிலுக்குள் கேஸ் 0 டிகிரிக்கு வந்துவிட்டது, பனி கட்டத் தொடங்கும். அழுத்தமானியை மாட்டி வைத்துக்கொண்டு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆட்கள் நிறைந்த இடங்களில் சட்டப்படி வெளிக்காற்று கொடுத்தாக வேண்டும், ஈரத்தின் பெரும்பங்கு அந்த வழியாகவே வருகிறது. அதைத் தனிச் சிறு யூனிட்டில் உலர்த்திவிட்டு உள்ளே விடுவது மிக நல்ல தீர்வு, செலவும் அதிகம். அதற்குப் பணமில்லை என்றால் ஆள் இல்லாத இரவிலும் விடுமுறையிலும் வெளிக்காற்று டாம்பரை (காற்றுவழியை அடைக்கும் மடிப்பலகை) மூடவாவது ஏற்பாடு செய்யுங்கள்.

கல்யாண மண்டபம் விதிவிலக்கு. முகூர்த்த நேரத்தில் அந்தத் திறன் முழுவதும் தேவைப்படும், மறுநாள் பத்துப் பேர்தான் இருப்பார்கள். அங்கே ஒரே பெரிய யூனிட்டைவிடச் சிறிதாகப் பல யூனிட்கள் இருப்பதே சரி. சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்கச் சுற்றவிடும் இயந்திரம்) உள்ள கட்டடங்களில் சுமை குறையும்போது இயந்திரம் அடிக்கடி நின்றால், தண்ணீர்ச் சுற்றில் சேமிப்புத் தொட்டி ஒன்றைச் சேர்ப்பார்கள். சில்லர் திறனில் டன்னுக்கு 11 முதல் 23 லிட்டர் தண்ணீர் சுற்றில் இருந்தால் அது நிதானமாக ஓடும்.

அடுத்த முறை வாங்கும்போது

சதுர அடியை மட்டும் கேட்டு டன் சொல்பவரிடம், ஜன்னல் எந்தத் திசை, மேலே மொட்டைமாடியா, எத்தனை பேர் என்று அவர் ஏன் கேட்கவில்லை என்று கேளுங்கள். வெப்பக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். கணக்கில் வந்ததற்கு மேல் 15%-க்குள் இருக்கும் அளவே போதும்.

பெட்டியில் போட்டிருக்கும் டன் எண்ணைவிட, நட்சத்திர லேபிளில் வாட் கணக்கில் அச்சிட்டிருக்கும் குளிர்விக்கும் திறனைப் பாருங்கள், ஒரே 1.5 டன் என்ற பெயரில் 4.8 கிலோவாட்டும் வரும், 5.2-ம் வரும். இன்வெர்ட்டர் என்றால் விவரக் கையேட்டில் குறைந்தபட்சத் திறன் என்ற வரியைத் தேடுங்கள். நாம் கணக்குப் போட்ட படுக்கையறைக்கு அந்த எண் 1 கிலோவாட் அளவில் இருக்கும் 1 டன் யூனிட் கிடைத்தால், ராத்திரி முழுக்க அது அநேகமாக நிற்காமல் ஓடி, டிரெயின் குழாயில் அந்த 4 லிட்டரையும் இறக்கிவிடும்.